சோதனைக் கவரேஜை அளப்பது எப்படி: ஒரு கிழங்கு லோடுக் கணக்கை வைத்து

மென்பொருளுக்குச் சோதனைகள் எழுதத் தொடங்கிய சில வாரங்களிலேயே எவருக்கும் ஒரு கேள்வி எழும். எழுதிய சோதனைகள் போதுமா, நிரலின் எந்தப் பகுதி இன்னும் ஒருமுறைகூட இயக்கிப் பார்க்கப்படாமல் கிடக்கிறது? இதன் பின்பாதிக்கு இயந்திரமே துல்லியமாக விடை சொல்லிவிடும். அந்த விடையைத்தான் கவரேஜ் என்கிறோம். முன்பாதிக்கு விடை சொல்வது அதன் வேலையே அல்ல. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் விழுக்காடுகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும், ஐந்து ரோட்டைச் சுற்றியுள்ள மாடி அலுவலகங்களில் உள்ளூர் வணிகத்துக்குப் பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களையும், இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் சேலத்து மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மொழி பைத்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பலர் அதைப் படித்திருப்பார்கள். கட்டளைகளை ஒலிப்பு முறையில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு நிரல்

ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு லோடு வரும்போது, லாரியோடு எடைமேடையில் ஏற்றி எடை பார்ப்பார்கள். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் பாயிண்டாக அளந்து, அந்தப் பாயிண்டை வைத்து விலை போடுவார்கள். விவசாயி முன்பே அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அது கழிக்கப்படும். இந்தக் கணக்கைச் செய்யும் சிறு செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் விலையும், 24 பாயிண்டுக்குக் கீழே போனால் ஐந்து விழுக்காடு பிடித்தம் என்ற விதியும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஆலையின் நடைமுறையும் அல்ல.

1  டெஃப் தொகை(டன், பாயிண்ட், வீதம், முன்பணம்):
2      மொத்தம் = டன் * பாயிண்ட் * வீதம்
3      இஃப் பாயிண்ட் < 24:
4          மொத்தம் = மொத்தம் * 0.95
5      கையில் = மொத்தம் - முன்பணம்
6      இஃப் கையில் < 0:
7          கையில் = 0
8      ரிட்டர்ன் கையில்

டெஃப், இஃப், ரிட்டர்ன் ஆகியவை பைத்தானின் கட்டளைச் சொற்கள் என்பதால் அவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம், பைத்தான் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும். இதைக் கிழங்கு என்ற பெயரில், ஆங்கில எழுத்தில், ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சோதனை. டெஸ்ட் என்று தொடங்கும் பெயருள்ள இன்னொரு கோப்பில், அதே முன்னொட்டோடு ஒரு செயற்கூறு எழுதி, 10 டன், 28 பாயிண்ட், வீதம் 300, முன்பணம் 20,000 என்று கொடுத்தால் விடை 64,000 வர வேண்டும் என்று அசெர்ட் கூற்றால் உறுதிப்படுத்துங்கள். மொத்தம் 84,000, அதில் முன்பணம் போக மீதி. ஆலைக்கு வரும் பெரும்பாலான லோடுகள் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

நிறுவுதலும் முதல் அளவீடும்

ப்ராஜெக்டுக்கெனத் தனி மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நுழைந்து, "பிப் இன்ஸ்டால் கவரேஜ் பைடெஸ்ட்" என்று கொடுங்கள். இதில் வரும் கவரேஜ் என்ற கருவி 2004 முதல் நெட் பாட்செல்டர் என்பவரின் பராமரிப்பில் வளர்ந்துவருவது. பைத்தான் உலகில் இதுவே அன்றாடக் கருவி. பைடெஸ்ட் என்பது நாம் எழுதிய சோதனைகளைத் தேடி எடுத்து ஓட்டும் கருவி. பிறகு ப்ராஜெக்டின் மேல் அடைவில் நின்றுகொண்டு இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

கவரேஜ் ரன் --சோர்ஸ்=. -எம் பைடெஸ்ட்

சோதனைகள் எப்போதும்போல ஓடி முடியும். திரையில் புதிதாக எதுவும் தெரியாது. ஆனால் புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மறைகோப்பு அடைவில் உருவாகியிருக்கும். எந்தெந்த வரிகள் இயங்கின என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. கருவியின் 5.0 பதிப்பிலிருந்து இது ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம் என்பதால், ஆர்வமுள்ளவர்கள் திறந்தும் பார்க்கலாம். இந்தக் கோப்பையும், பின்னர் உருவாகப்போகும் எச்டிஎம்எல் அடைவையும் கிட் என்ற பதிப்புக் காப்புக் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அளக்கும்போது பழைய குறிப்பு தானாகவே அழிந்து புதியது எழுதப்படும். பழையதோடு சேர்க்க வேண்டுமென்றால் மட்டும் அப்பெண்ட் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

இனி "கவரேஜ் ரிப்போர்ட் -எம்" என்று கேட்டால், கோப்புவாரியாக ஓர் அட்டவணை வரும். கிழங்கு கோப்புக்கு எதிரே கூற்றுகள் 8, விடுபட்டவை 2, கவரேஜ் 75 விழுக்காடு, விடுபட்ட வரிகள் 4, 7 என்று இருக்கும். நாம் எழுதிய சோதனை பிடித்தத்துக்கும் போகவில்லை, முன்பணம் மிஞ்சும் நிலைக்கும் போகவில்லை என்பதால் இது சரியான கணக்கே. புதியவர்களின் கண் நேராக 75 என்ற எண்ணுக்குத்தான் போகும். அதற்கு வலப்புறத்தில் இருக்கும் 4, 7 என்ற வரி எண்களைப் படிக்கப் பழகுங்கள். செய்ய வேண்டிய வேலை என்ன என்று சொல்வது அந்த எண்கள்தான்.

சோதனை எதுவுமே எழுதாமல், இந்தக் கோப்பை இறக்குமதி மட்டும் செய்தால்கூட முதல் வரி இயங்கியதாகப் பதிவாகும். செயற்கூற்றின் தலைப்பு வரியைப் பைத்தான் கோப்பை ஏற்றும்போதே இயக்கிவிடுகிறது என்பதே காரணம். ஐம்பது செயற்கூறுகள் உள்ள கோப்பில் ஐம்பது தலைப்பு வரிகளும், இறக்குமதி வரிகளும், மாறிலிகளும் இப்படி இலவசமாக இயங்கிய கணக்கில் சேர்ந்துவிடும். "நாங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் முப்பது விழுக்காடு காட்டுகிறதே" என்று எவரேனும் வியந்தால் விடை இதுதான்.

வரி போதாது, கிளையையும் அளக்க வேண்டும்

முதல் சோதனையை எடுத்துவிட்டு, இரண்டாவதாக ஒன்று எழுதுவோம். 10 டன், 20 பாயிண்ட், வீதம் 300, முன்பணம் 70,000. மொத்தம் 60,000, பிடித்தம் போக 57,000, முன்பணத்தைக் கழித்தால் எதிர்மறையாகிறது, ஆகவே விடை 0. இந்த ஒரே சோதனை எட்டு வரிகளிலும் கால்பதித்துவிடுகிறது. ரிப்போர்ட் 100 விழுக்காடு என்று சொல்லும்.

ஆனால் நல்ல பாயிண்டோடு, அட்வான்ஸ் போக மீதியைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் சாதாரண விவசாயியின் லோடு இப்போது சோதிக்கப்படவே இல்லை. நூறு என்ற எண்ணுக்குக் கீழே ஆலையின் பெரும்பாலான லோடுகள் சோதனைக்கு வெளியே நிற்கின்றன.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தும் போகலாம், குப்பனூர் வழியாகவும் போகலாம். ஏரிக்கரையில் ஒருவரைப் பார்த்தால் அவர் மேலே வந்துசேர்ந்தார் என்பது மட்டும் தெரியும். எந்தச் சாலை இன்றைக்குத் திறந்திருந்தது என்பது தெரியாது. வரிக் கவரேஜ் 5ஆம் வரியில் நின்று பார்ப்பது அப்படித்தான். அந்த வரிக்கு 4ஆம் வரியிலிருந்தும் வரலாம், 3ஆம் வரியிலிருந்து நேராகத் தாண்டியும் வரலாம். இரண்டில் எது நடந்தது என்பதைக் கிளைக் கவரேஜ்தான் பதிவுசெய்யும்.

அதற்கு ரன் கட்டளையோடு இரட்டைக்கோடு போட்டு பிராஞ்ச் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும். இப்போது அதே சோதனைக்கு 100 விழுக்காடு வராது, 83 வரும். கருவி இதை எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது: இயங்கிய கூற்றுகளையும் கடந்த கிளைகளையும் கூட்டி, மொத்தக் கூற்றுகளும் மொத்தக் கிளைகளும் சேர்ந்த எண்ணால் வகுக்கிறது. நம் நிரலில் இரண்டு இஃப் வரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெளிவழிகள், ஆகக் கிளைகள் நான்கு. இயங்கியவை 8 கூற்றுகளும் 2 கிளைகளும். 10ஐ 12ஆல் வகுத்தால் 83. விடுபட்டவை என்ற இடத்தில் 3இலிருந்து 5க்கும், 6இலிருந்து 8க்கும் அம்புக்குறி போட்டுக் காட்டும். பிடித்தம் இல்லாத லோடும், கையில் பணம் மிஞ்சும் லோடும் சோதிக்கப்படவில்லை என்று அந்த அம்புகளை வாசிக்க வேண்டும்.

முதல் சோதனையைத் திரும்பச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக இயக்கினால் கிளைக் கவரேஜும் 100 ஆகிவிடும்.

"கவரேஜ் எச்டிஎம்எல்" என்ற கட்டளை, நிரலை அப்படியே வண்ணம் தீட்டி உலாவியில் காட்டும் பக்கங்களை உருவாக்கும். இயங்கிய வரி பச்சை, இயங்காதது சிவப்பு, ஒரு கிளை மட்டும் போனது மஞ்சள். புதியவர்கள் அட்டவணையைவிட இந்தப் பக்கங்களில்தான் விரைவில் தெளிவடைகிறார்கள் என்பது என் அனுபவம். எந்தச் சோதனை எந்த வரியை இயக்கியது என்றுகூட இதில் பார்க்க முடியும். அதற்கு அமைப்புக் கோப்பில் (அதை உருவாக்கும் முறை கடைசிப் பகுதியில் வருகிறது) ரன் பிரிவில் டைனமிக் கான்டெக்ஸ்ட் என்பதற்கு டெஸ்ட் ஃபங்ஷன் என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு, எச்டிஎம்எல் கட்டளையோடு ஷோ கான்டெக்ஸ்ட்ஸ் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவியைப் பொறுத்தவரை கிளை என்பது ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவுவது. ஒரே வரிக்குள் அடங்கும் நிபந்தனையை அது பிரித்துப் பார்க்காது. மேலேயுள்ள 5, 6, 7 வரிகளை நீக்கிவிட்டு, மீதித் தொகை, பூச்சியம் இரண்டில் எது பெரிதோ அதை மேக்ஸ் என்ற செயற்கூற்றால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரே வரியில் எழுதினால், கிளைகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும். சோதிக்க வேண்டிய நிலைகளோ ஒன்றுகூடக் குறையவில்லை. நிரல் அழகாவது நல்லதுதான். அழகானதால் விழுக்காடு ஏறியதைச் சோதனை கூடியதாக எண்ணிவிடக் கூடாது.

நூறு வந்த பிறகும் எஞ்சுபவை

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். வரியும் கிளையும் முழுமையாகப் பச்சையான நம் எட்டு வரி நிரலில் இன்னும் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

இரண்டு சோதனைகளிலிருந்தும் அசெர்ட் வரிகளை அழித்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். கிழங்கு கோப்பின் கவரேஜ் அப்படியே 100 இருக்கும். செயற்கூற்றை அழைத்தார்களா என்பதைத்தான் கருவி பார்க்கிறது; வந்த விடையை யாராவது சரிபார்த்தார்களா என்பதை அது பார்ப்பதில்லை. மேலதிகாரி விழுக்காட்டு இலக்கு ஒன்றை விதித்துவிட்டால், குழுக்களில் அசெர்ட் இல்லாத சோதனைகள் பெருகுவது இந்த வழியாகத்தான்.

அடுத்து, சரியாக 24 பாயிண்ட் வரும் லோடு. 24க்குக் கீழே என்பது விதி. ஆகவே 24க்குப் பிடித்தம் கிடையாது. 10 டன்னுக்கு 72,000 ரூபாய் கிடைக்க வேண்டும். நிரல் எழுதியவர் கைதவறிச் சிறியது அல்லது சமம் என்ற குறியைப் போட்டிருந்தால் 68,400 வரும். ஒரு லோடுக்கு 3,600 ரூபாய் விவசாயிக்கு நட்டம். நம்முடைய இரண்டு சோதனைகளும் 28, 20 என்ற பாயிண்டுகளையே பயன்படுத்துவதால் இரண்டு குறிகளுக்கும் ஒரே விடையைத்தான் தரும். எல்லை மதிப்புக்கென்று மூன்றாவது சோதனை எழுத வேண்டும் என்று கவரேஜ் ஒருபோதும் சொல்லாது. அதைச் சொல்வதற்கு வேறு வகைக் கருவிகள் இருக்கின்றன: நிரலில் குறிகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக மாற்றிவைத்து, ஏதாவது ஒரு சோதனையாவது தோற்கிறதா என்று பார்ப்பவை. பைத்தானுக்கு மியூட்மட், ஜாவாவுக்கு பிட் ஆகியவை அவற்றுள் பரவலானவை. அவை ஓட நேரம் பிடிக்கும். முழு ப்ராஜெக்டுக்கும் இயக்காமல், பணக் கணக்கு இருக்கும் கோப்புக்கு மட்டும் இயக்கினால் போதும்.

இரண்டு சோதனைகளும் நான்கு கிளைகளைத் தொட்டன. ஆனால் நிரலைக் கடக்கும் வழிகளும் நான்கு: பிடித்தம் உண்டா இல்லையா, மீதி உண்டா இல்லையா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் இரண்டு வழிகளில்தான் நாம் போயிருக்கிறோம். பிடித்தமும் உண்டு, கையில் பணமும் மிஞ்சுகிறது என்ற லோடு இன்னும் வரவில்லை. நிபந்தனைகள் கூடக்கூட இந்த வழிகள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்பதால் எல்லாவற்றையும் சோதிப்பது நடவாத காரியம். எந்தச் சேர்க்கையில் பணம் தவறக்கூடும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது எழுதுபவரின் பொறுப்பு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை 7ஆம் வரியில் இருக்கிறது. இரண்டாம் சோதனையில் 57,000 ரூபாய்க்குக் கிழங்கு வந்திருக்கிறது, முன்பணம் 70,000. கையில் 0 என்று கொடுத்து அனுப்பிவிட்டோம். மிச்சமுள்ள 13,000 ரூபாய் எங்கே போயிற்று? அடுத்த லோடில் அதைக் கழிக்க வேண்டும் என்றால், எவ்வளவு பாக்கி என்பதை இந்தச் செயற்கூறு எங்காவது திருப்பித்தர வேண்டும். அது தரவில்லை, அந்த வரியை யாரும் எழுதவே இல்லை. எழுதப்படாத வரியைச் சிவப்பாகக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. ஆலையில் கணக்கு எழுதுபவரிடம் உட்கார்ந்து, "அட்வான்ஸ் லோடுத் தொகையைவிட அதிகமாக இருந்தால் என்ன செய்வீர்கள்ணா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவீட்டில் வழுக்கும் இடங்கள்

மேலே ரன் கட்டளையில் சோர்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சேர்க்காவிட்டால், சோதனையின்போது இறக்குமதியாகாத கோப்புகள் அட்டவணையிலேயே வராது. ஒருவரும் தொடாத கோப்பு 0 என்று வந்து சராசரியை இறக்க வேண்டியிருக்க, அது இல்லாமலே போய் எண்ணை உயர்த்திவிடும். சோர்ஸ் கொடுத்த பிறகும், இனிட் கோப்பு (ஓர் அடைவைப் பைத்தான் தொகுப்பு என்று அறிவிக்கும் கோப்பு) இல்லாத உள்ளடைவுகளைக் கருவி வழக்கமாகத் தேடாமல் தாண்டிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

சோதனைக் கோப்புகளையும் சேர்த்தே அளப்பதை நான் பரிந்துரைக்கிறேன். அவை எப்படியும் நூறு வருமே, எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நகலெடுத்து ஒட்டும்போது ஒரே கோப்பில் இரண்டு சோதனைகளுக்கு ஒரே பெயர் அமைந்துவிட்டால், பின்னால் வருவது முன்னதை மறைத்துவிடும். முன்னது ஓடவே ஓடாது, பிழையும் வராது. சோதனைக் கோப்பை அளந்திருந்தால் அதன் உடல் சிவப்பாகத் தெரிந்திருக்கும்.

நிரல் தனக்குள் வேறு செயலாக்கங்களைத் தொடங்கினால், அவற்றுக்குள் நடப்பது தானாகப் பதிவாகாது. அமைப்புக் கோப்பில் பேரலல், கன்கரன்சி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இறுதியில் கம்பைன் கட்டளையால் துண்டுக் குறிப்புகளை ஒன்றாக்க வேண்டும். அளக்கும்போது நிரல் மெதுவாவதும் இயல்பே. ஒவ்வொரு வரியிலும் பைத்தான் நின்று தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. இந்தச் சுமையைக் குறைக்கும் புதிய கண்காணிப்பு ஏற்பாடு ஒன்று 2023இல் வந்த பைத்தான் 3.12இல் சேர்க்கப்பட்டது. எப்படியிருந்தாலும் வேகத்தை அளக்கும் சோதனைகளைக் கவரேஜோடு சேர்த்து இயக்காதீர்கள்.

சிவப்பு வரிகளை என்ன செய்வது

சிவப்பு வரிகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். சோதிக்க மறந்தவை, சோதிக்கக் கடினமானவை, தேவையே இல்லாதவை. மூன்றாம் வகையைக் கண்டால் தயங்காமல் நீக்குங்கள். பழைய வரிவிதிப்பு விதிக்காக எழுதி, விதி மாறிய பிறகும் யாரும் அழிக்காமல் விட்ட பகுதிகள் பில்லிங் மென்பொருள்களில் ஏராளம். முதல் வகைக்குச் சோதனை எழுதினால் தீர்ந்தது.

இரண்டாம் வகையில்தான் உண்மையான வேலை. எடைமேடையின் காட்டி, எடையைத் தொடர்வரிசைக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும். அதைப் படிக்கும் வரிகளும், எண்ணைப் பிரித்தெடுக்கும் வரிகளும், தொகையைக் கணக்கிடும் வரிகளும் ஒரே செயற்கூற்றுக்குள் கலந்துகிடந்தால், மேசையில் எடைமேடை இல்லாத நிரலாளரால் ஒன்றையும் சோதிக்க முடியாது. கம்பியிலிருந்து ஒரு வரி எழுத்தைப் படித்துத் தருவது ஒரு செயற்கூறு, அந்த எழுத்திலிருந்து எடையைப் பிரிப்பது இன்னொன்று, கணக்கு மூன்றாவது என்று பிரித்துவிட்டால், பின்னிரண்டையும் எந்தக் கணினியிலும் சோதிக்கலாம். முதலாவதற்கு, உண்மைக் கம்பிக்குப் பதிலாக நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் போலிப் பொருளைக் கொடுத்து, எடை வராமல் காலம் கடந்துபோகும் நிலையையும், பாதி எண் மட்டும் வந்து அறுந்துபோகும் நிலையையும் உருவாக்கிப் பார்க்க வேண்டும். எந்த ப்ராஜெக்டின் ரிப்போர்ட்டை விரித்தாலும் சிவப்பு அதிகம் தெரிவது பிழை கையாளும் வரிகளில்தான். அந்த வரிகள் முதன்முதலாக இயங்குவது, லோடு லாரி மேடை மேல் நிற்க, பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் இரவு நேரமாக இருக்கக் கூடாது.

உண்மையிலேயே சோதிக்கத் தேவையில்லாத வரி இருந்தால், "பிராக்மா: நோ கவர்" என்ற குறிப்பை அதன் ஓரத்தில் எழுதிக் கணக்கிலிருந்து விலக்கலாம். விலக்கும்போது ஏன் என்று அருகிலேயே ஒரு சொற்றொடர் எழுதிவையுங்கள். காரணம் எழுத வரவில்லையென்றால் அது விலக்கத் தக்க வரி அல்ல.

எத்தனை விழுக்காடு வேண்டும்

இதற்கு ஒரே விடை கிடையாது. துறைக்குத் துறை மாறும். பயணிகள் விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற நெறிமுறை, தோற்றால் விமானமே அழியக்கூடிய ஏ நிலை மென்பொருளுக்கு, ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து முடிவை மாற்றுகிறது என்று காட்டும் கடுமையான கவரேஜைக் கேட்கிறது; பி நிலைக்கு முடிவுக் கவரேஜ், சி நிலைக்குக் கூற்றுக் கவரேஜ். எஸ்கியூலைட் தரவுத்தளமும் அந்த ஏ நிலை அளவை நூறு விழுக்காடு எட்டிக் காத்துவருகிறது. கூகுள் தன் பொறியாளர்களுக்கு வைத்திருக்கும் பொதுவான அளவுகோலோ 60 ஏற்கத்தக்கது, 75 பாராட்டத்தக்கது, 90 முன்மாதிரி என்பதாக 2020இல் வெளியிடப்பட்டது.

உயர்ந்த எண் என்றால் சோதனைகள் வலுவானவை என்று கொள்ளலாமா? வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஐந்து பெரிய ஜாவா நிரல்களுக்கு 31,000 சோதனைத் தொகுதிகளை உருவாக்கி ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு, சோதனைகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்துப் பார்த்தால், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு குறைவு முதல் மிதம் வரைதான் என்கிறது. சோதிக்கப்படாத இடங்களைக் காட்டும் அளவாக இதை வைத்துக்கொள்ளலாம், தரத்துக்கு இலக்காக வைக்கக் கூடாது என்பதே அவர்களுடைய பரிந்துரையும். சின்னப் பில்லிங் ப்ராஜெக்ட் ஒன்றுக்கு என்னைக் கேட்டால், பணக் கணக்குக் கோப்புகளுக்குக் கிளைக் கவரேஜ் நூறு, திரை வடிவமைப்புக் கோப்புகளுக்கு இலக்கே வேண்டாம் என்பேன். முழு ப்ராஜெக்டின் சராசரி இந்த இரண்டையும் கலந்து ஒன்றும் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

வேறு மொழியில் வேலை செய்பவர்களுக்கு

ஜாவாவில் ஜகோகோ, மேவன் அல்லது கிரேடில் செருகுநிரலாகச் சேர்த்தால் போதும், வரியையும் கிளையையும் சேர்த்தே அளக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் பயன்படுத்துபவர்கள் கவரேஜ் என்ற விருப்பத்தை இயக்கினால் இஸ்தான்புல் கருவி உள்ளேயே வேலை செய்யும். சி மொழிக்கு ஜிசிசி தொகுப்பியோடு வரும் ஜிகோவ் இருக்கிறது. தொகுக்கும்போது உகப்பாக்கத்தை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் வரி எண்கள் இடம்மாறித் தெரியும். கோ மொழியில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம், டெஸ்ட் கட்டளையோடு கவர் விருப்பத்தைச் சேர்த்தாலே வரும். ஆனால் அது கூற்றுத் தொகுதிகளைத்தான் அளக்கிறது, கிளைகளைத் தனியாக அல்ல.

பழைய ப்ராஜெக்டில் தொடங்குதல்

சோதனையே இல்லாத, பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கையில் கொடுத்து "கவரேஜ் ஏற்று" என்று சொல்வார்கள். சுலபமான கோப்புகளைத் தேடி எண்ணை உயர்த்தும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முதலில் எதையும் எழுதாமல் ஒருமுறை அளந்து, இன்றைய எண் எதுவோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அது 12 ஆக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்பு வாடிக்கையாளரிடமிருந்து அதிகம் புகார் வந்த கணக்கு எது என்று கேட்டு, அந்தச் செயற்கூற்றின் எச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து, சிவப்பு வரிகளுக்கு மட்டும் சோதனை எழுதத் தொடங்குங்கள்.

அமைப்புகளை ஒவ்வொரு முறையும் தட்டாமலிருக்க, கவரேஜ்ஆர்சி என்ற பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து ஒரு கோப்பு உருவாக்கி, அதில் ரன் என்ற பிரிவின் கீழ் பிராஞ்ச், சோர்ஸ் ஆகியவற்றையும், ரிப்போர்ட் என்ற பிரிவின் கீழ் ஷோ_மிஸ்ஸிங், ஃபெயில்_அண்டர் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். ஃபெயில்_அண்டருக்கு நீங்கள் குறித்துவைத்த இன்றைய எண்ணையே கொடுங்கள். எட்டாத உயரத்தில் 80 என்று வைத்தால் முதல் நாளே பில்ட் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) தோற்று, மறுநாள் யாராவது அந்த வரியை நீக்கிவிடுவார்கள். எண் தானாக ஏறும்போதெல்லாம் அதையும் ஏற்றிக்கொண்டே வந்தால் கீழே இறங்காமலிருக்கும்.

இதைவிடப் பயனுள்ளது, புதிதாக மாற்றிய வரிகளை மட்டும் அளப்பது. டிஃப்-கவர் என்ற கருவி, "கவரேஜ் எக்ஸ்எம்எல்" கட்டளை தரும் கோப்பை எடுத்துக்கொண்டு, கிட்டில் உள்ள மெயின் கிளையோடு (குழுவின் முதன்மைப் பிரதி; மேலே அளந்த கிளை அல்ல) ஒப்பிட்டு, இந்த மாற்றத்தில் தொட்ட வரிகளுள் எத்தனை சோதிக்கப்பட்டன என்று சொல்லும். பழைய நிரல் முழுவதும் 12இல் இருக்கும்போதே, புதிய வரிகளுக்கு 90 என்று கேட்பது நியாயமானது. குழுவில் யாரும் முறுக்கிக்கொள்ள மாட்டார்கள். தானியங்கிப் பில்டில் இந்த வரிசையில் வையுங்கள்: நிறுவுதல், கவரேஜ் ரன், கவரேஜ் எக்ஸ்எம்எல் (இதுவும் ஃபெயில்_அண்டரைப் பார்க்கும் என்பதால் --ஃபெயில்-அண்டர்=0 என்ற விருப்பத்தோடு), டிஃப்-கவர், கடைசியாகக் கவரேஜ் ரிப்போர்ட். ஃபெயில்_அண்டருக்குக் கீழே போனால் ரிப்போர்ட் கட்டளை 2 என்ற வெளியேறு குறியைத் தரும், பில்ட் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னேன்; முன்னால் வைத்தால், மாற்றிய வரிகளைப் பற்றிய தகவல் பில்ட் தோற்ற நாளில் கிடைக்காமலே போகும்.